ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைக்கவும் எழுத வைக்கவும் போனும் கணினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கான பக்கம் இது. வகுப்பில் 40 பேர், பாடவேளை 40 நிமிடம், ஆசிரியர் கையில் ஓர் ஆண்ட்ராய்டு போன், வாரத்தில் ஒருநாள் கணினி அறை கிடைத்தால் உண்டு. இந்த நிலையை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ போடுகிறோம், ஆடியோ கேட்க வைக்கிறோம். பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள். அது போதாதா?

கேட்டுப் புரிந்துகொள்ள அது உதவும். பேசவைக்காது. கனடாவில் பிரெஞ்சு வழியில் ஆண்டுக்கணக்கில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985 இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது. பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணம் தடுமாறியது. காரணம் எளிது. கேட்கும்போது முக்கியமான இரண்டு சொல் பிடிபட்டாலே பொருள் விளங்கிவிடும். வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. தானே ஒரு வாக்கியம் அமைக்க முயலும்போதுதான், எந்த இடத்தில் தனக்குச் சொல் இல்லை என்பது பிள்ளைக்கே தெரியவருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருகைப்பதிவு, விளக்கம் எல்லாம் போக 20 நிமிடம் மிஞ்சுகிறது. ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் தலைக்கு 30 விநாடி. அதே 20 நிமிடத்தில் இருவர் இருவராகத் திரும்பி உட்கார்ந்து பேசினால் தலைக்கு 10 நிமிடம். இந்த 20 மடங்கு வித்தியாசத்துக்குப் போனே வேண்டாம், பெஞ்சைத் திருப்பிப் போட்டால் போதும். போனுக்கு உள்ள வேலை வேறு: பேசியதைப் பிடித்து வைக்கிறது, பேசியவரையே கேட்க வைக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேச விடுகிறது. எந்தக் கருவியை வகுப்புக்குள் கொண்டுவந்தாலும், கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை இன்று சொந்தமாக எத்தனை நிமிடம் பேசியது, எத்தனை வரி எழுதியது என்று பாருங்கள். அந்த எண் கூடவில்லை என்றால் கருவியால் ஆசிரியருக்குத்தான் வேலை கூடியிருக்கிறது.

40 பேருக்கு ஒரே ஒரு போன். எப்படிச் சமாளிப்பது?

ஐந்து பேராக 8 குழுக்கள். எல்லாக் குழுவும் ஒரே வேலையைப் பேசிப் பழகிக்கொண்டிருக்கும். போன் மட்டும் குழு குழுவாக நகரும். ஒரே பாடவேளையில் 8 குழுவையும் முடிக்க ஆசைப்படாதீர்கள். இன்று 4, நாளை 4 என்று வைத்தால் குழுவுக்கு 5 நிமிடம் கிடைக்கும். முதல் 2 நிமிடம் பதிவு, அடுத்த 1 நிமிடம் எல்லோரும் சேர்ந்து கேட்பது, கடைசி 2 நிமிடம் மறுபதிவு. இந்த மறுபதிவை விட்டுவிட்டால் பயிற்சியின் பாதி பலன் போய்விடும். முதல் பதிவைக் கேட்டதும் பிள்ளைகள் தாங்களாகவே "ஏய், நீ கோ-ன்னு சொல்லிட்ட, வென்ட்னு சொல்லு" என்று திருத்திக்கொள்வார்கள். ஆசிரியர் சொல்லும் பத்துத் திருத்தத்தை விட அது ஆழமாகப் பதியும்.

குழுவில் ஒருவர் போனைப் பிடிப்பார், ஒருவர் நேரம் பார்ப்பார், மூவர் பேசுவார்கள். அடுத்த முறை வேலை மாற வேண்டும்; மாற்றாவிட்டால் நன்றாகப் பேசுகிற பிள்ளையே எப்போதும் பேசும், கூச்சப்படுகிற பிள்ளையே எப்போதும் போனைப் பிடிக்கும்.

போனைக் கொடுக்குமுன் மூன்று வேலை இருக்கிறது. ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங் என்ற வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு. அதைப் போட்டு, விலக்கும்போது பூட்டு எண் கேட்கும்படி வைத்து, ரெக்கார்டர் செயலியைப் பின் செய்துவிட்டால், உங்கள் படங்களுக்கோ வாட்ஸ்அப்புக்கோ யாரும் போக முடியாது. மூன்றாவது, பேசத் தொடங்கும்போது குழு எண்ணையும் பேசுபவரின் வரிசை எண்ணையும் சொல்லவையுங்கள். "குரூப் திரீ, நம்பர் செவன்டீன்" என்று பதிவிலேயே இருந்தால், கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலை மிச்சம்.

முதல் நாள் பதிவு முழுக்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். தன் குரலைத் தானே கேட்பது பலருக்குப் புதிது. அன்று பாடத்தைத் தொடாமல், பெயரும் பிடித்த சாப்பாடும் மட்டும் சொல்லிப் பதிவு செய்யட்டும்.

எதைப் பேசச் சொல்வது? "மை ஸ்கூல்", "மை மதர்" என்று தலைப்புக் கொடுத்தால் கட்டுரையை ஒப்பிக்கிறார்கள்.

ஒப்பிக்கத்தான் செய்வார்கள். கேட்பவருக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. பேச்சு பிறக்க வேண்டும் என்றால், ஒருவரிடம் இருக்கும் செய்தி இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அப்படி நம் வகுப்புகளில் நன்றாக வேலை செய்யும் சிலவற்றைச் சொல்கிறோம்.

கோலம். ஒருவர் ஐந்து வரிசைப் புள்ளிக் கோலம் ஒன்றைத் தாளில் பார்த்தபடி, அதைப் போடும் முறையை ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்கிறார். "ஸ்டார்ட் ஃப்ரம் த டாப் டாட். கோ ரவுண்ட் இட். கம் டவுன் டு த லெஃப்ட்." வகுப்பின் மறுகோடியில் இருக்கும் இன்னொருவர் பதிவை மட்டும் கேட்டு வரைகிறார். முடித்ததும் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கோலம் தப்பினால், எந்த வாக்கியத்தில் தப்பியது என்று பதிவை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். மதிப்பெண் போட ஆசிரியர் தேவையே இல்லை. புள்ளி வைத்துப் பழகாத பிள்ளைகளுக்குக் காகிதக் கப்பல் செய்வதைக் கொடுங்கள்.

மறைத்த படம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தையோ சந்தையையோ ஒரு படம் எடுங்கள். போனிலேயே எடிட் பகுதியில் போய் மார்க்கப் வசதியால் ஐந்து பொருளைக் கறுப்படித்து ஒரு பிரதி எடுங்கள். வேறு ஐந்தைக் கறுப்படித்து இன்னொரு பிரதி. ஆளுக்கு ஒன்று கொடுத்து, தன் படத்தில் மறைந்திருப்பதை, மற்றவர் படத்தைப் பார்க்காமல் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கேள்வி கேட்க வருவதே அபூர்வம். பதில் சொல்லவே 6 ஆம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். "யூ ஆர் சீயிங் பஸ் ஆ?" என்று தமிழ் ஓசையில் வரும் கேள்வி "கேன் யூ சீ எ பஸ்?" என்று மாறுவது இந்த விளையாட்டில்தான். வினைச்சொல்லை முன்னே கொண்டுவந்து கேட்கும் அமைப்பு தமிழில் இல்லாததால் இதற்குப் பலமுறை பழக்கம் வேண்டும்; ஒரே படத்தில் பத்துக் கேள்வி கேட்டாக வேண்டியிருப்பதால் அந்தப் பழக்கம் தானே கிடைக்கிறது.

ஒலியில்லாத வீடியோ. 40 விநாடிக்கு மேல் வேண்டாம். இருவர் பேசிக்கொள்ளும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு மூன்று முறை காட்டுங்கள். முதல்முறை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது முறை என்ன நடக்கிறது என்று இருவர் பேசி முடிவு செய்யட்டும். மூன்றாவது முறை படம் ஓடும்போதே வசனம் பேச வேண்டும். படம் நிற்காமல் ஓடுவதால் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. சட்டென்று வருவதைச் சொல்லியாக வேண்டும்.

குரல் செய்தி. பேருந்து உங்கள் ஊரில் நிற்காமல் போகிறது. டெப்போ மேலாளருக்கு 45 விநாடி குரல் செய்தி. இன்னொரு குழு மேலாளராக அதைக் கேட்டு, விடுபட்ட இரண்டு விவரங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்: எந்த வழித்தட எண், எத்தனை மணி?

எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். தடுப்பது எப்படி?

தாளைப் பிடுங்காதீர்கள். எழுதிய தாள் ஒரு துணை. அதைப் படிப்படியாகச் சுருக்குங்கள். முதல் பதிவுக்கு முழுத்தாள் இருக்கட்டும். இரண்டாவதற்கு ஐந்து சொல் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. மூன்றாவதற்கு ஒரு படம். வாசிக்கிறாரா பேசுகிறாரா என்பதைப் பதிவைக் கேட்டே சொல்லிவிடலாம்: வாசிப்பவர் வரி முடியும் இடத்தில் மூச்சு விடுவார், பேசுபவர் சொல் தேடும் இடத்தில் நிற்பார்.

மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய 4/3/2 முறை இதற்கு மிகவும் பொருந்தும். ஒரே செய்தியை 4 நிமிடம் ஒருவரிடம், பிறகு 3 நிமிடத்தில் வேறொருவரிடம், பிறகு 2 நிமிடத்தில் மூன்றாமவரிடம் சொல்வது. நம் 8 ஆம் வகுப்புக்கு 4 நிமிடம் நீண்டுவிடும். 90, 60, 45 விநாடி என்று வையுங்கள். போனின் டைமரைப் போர்டுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பவர் மாற வேண்டும். மாறாவிட்டால், கேட்டவரிடமே திரும்பச் சொல்வதில் அர்த்தமில்லை என்று பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள்.

பதிவில் ஒரே இரைச்சல். யார் பேசுவது என்றே புரியவில்லை.

போன் வாயிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த விளிம்பு வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கன்னத்தோரமாக இருக்கட்டும். நேராகப் பிடித்தால் "பி", "பா" வரும் இடமெல்லாம் காற்று மோதிப் படபடக்கும். மேசைமேல் போனைக் கிடத்திவிட்டுச் சுற்றி ஐந்து பேர் பேசினால் மின்விசிறிச் சத்தம்தான் முதலில் பதிவாகும். தாழ்வாரமோ மரத்தடியோ வகுப்பறையை விட நல்லது, சிமெண்டுச் சுவரின் எதிரொலி அங்கே இல்லை. காற்று பலமாக இருந்தால் சுவர் ஓரம். சாதாரண இயர்போனில் இருக்கும் மைக்கே போதும். சட்டை காலரில் ஒரு கிளிப்பால் மாட்டிவிட்டால் கை அசைந்து உரசும் சத்தமும் வராது.

வீடியோ வேண்டாம், ஒலி போதும். வீடியோ என்றால் பிள்ளைகள் தலைவாருவதிலும் பின்னணியிலும் கவனம் வைப்பார்கள், கோப்பும் பல மடங்கு பெரிதாகும்.

வீட்டுப்பாடமாக வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பச் சொல்லலாமா?

சொல்லலாம். போன் பெற்றோருடையது என்பதை மறக்கக் கூடாது. அப்பா வேலைக்கு எடுத்துப்போன போன் இரவு 8 மணிக்குத்தான் வீட்டுக்கு வரும், அதற்கு அண்ணனும் தங்கையும் காத்திருப்பார்கள். "இன்று இரவுக்குள்" என்று கெடு வைத்தால், செய்ய ஆசையிருந்தும் முடியாத பிள்ளைகள் மறுநாள் குற்றவாளிபோல் நிற்கும். நான்கு நாள் அவகாசம் கொடுங்கள், நடுவில் ஒரு ஞாயிறு வரட்டும். போனே இல்லாத வீடுகளுக்கு மதிய இடைவேளையில் பள்ளிப் போனில் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிடாமல், விரும்பும் யாரும் வரலாம் என்று அறிவியுங்கள்.

குரூப் தொடங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உறுப்பினர் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் வீட்டு எண் 40 வீடுகளுக்குப் போவதைப் பல பெற்றோர் விரும்புவதில்லை, அது நியாயமும்கூட. குரூப்புக்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை அனுப்பினால் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்திலேயே எண்ணைச் சேமிக்க வைத்துவிடுங்கள். இதற்கென்று தனி எண் வைத்துக்கொள்வது உங்கள் நிம்மதிக்கு நல்லது.

அனுப்பும் முறையையும் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். மைக் குறியை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். முடித்ததும் நிறுத்தி, கேட்டுப் பார்த்து, திருப்தி இல்லை என்றால் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தி மறுபடி தொடங்கலாம். இது தெரியாத பிள்ளைகள் முதல் முயற்சியையே அனுப்பிவிட்டு வருத்தப்படுவார்கள். தெரிந்தவர்கள் ஒரு நிமிடச் செய்திக்குத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். உங்களுக்கு வந்து சேருவது ஒரு நிமிடம்தான், ஆனால் அந்தப் பிள்ளை வீட்டில் பேசியது அதைப்போல் பல மடங்கு.

40 பதிவையும் கேட்க நேரம் ஏது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை. நாளுக்கு 8 பதிவு, ஐந்து நாளில் ஒரு சுற்று. ஒரு நிமிடப் பதிவு என்றால் கேட்பதும் பதில் சொல்வதும் சேர்ந்து நாளுக்கு 15 நிமிடம் ஆகும். பதிலையும் குரலிலேயே, 20 விநாடிக்குள் சொல்லுங்கள்: சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை, நன்றாக வந்த ஒரு வாக்கியம், மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்று. "நைஸ், கீப் இட் அப்" என்று 40 பேருக்கும் ஒரே பதில் போனால் மூன்றாவது வாரம் பதிவு வருவது நின்றுவிடும். யாரும் கேட்கவில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அன்று நீங்கள் கேட்காத மீதி 32 பதிவுக்குச் சக மாணவரே கேட்பவர். ஒவ்வொருவரும் ஒரு நண்பரின் பதிவைக் கேட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். பதிவைக் கேட்காமல் அந்தக் கேள்வியை எழுத முடியாதபடி இருக்க வேண்டும்.

பிழையை எப்போது திருத்துவது?

பேசும்போது இடைமறிக்காதீர்கள். ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் 1997 இல் கனடா வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் அதிகம் செய்தது பிள்ளை சொன்னதைச் சரியான வடிவில் திரும்பச் சொல்வது. பிள்ளைகள் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். "ஐ கோ எஸ்டர்டே" என்கிறது பிள்ளை; "ஓ, யூ வென்ட் எஸ்டர்டே" என்கிறார் ஆசிரியர்; "எஸ் மிஸ்" என்று உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் பதிவை ஓட்டி, பிழை வந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் முன்னால் நிறுத்தி, "இதைக் கேட்டுப் பார், என்ன மாற்றலாம்?" என்று கேளுங்கள். பதிவு இருப்பதால்தான் இது முடிகிறது.

ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழைதான். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் "எ", "த" விடுபட்டதைக் கண்டுகொள்ளாதீர்கள். கேட்ட பதிவுகளிலிருந்து பெயர் சொல்லாமல் ஐந்து வாக்கியத்தை எடுத்துப் போர்டில் எழுதி, வகுப்பே திருத்தட்டும்.

வாய்ஸ் டைப்பிங் உச்சரிப்பைச் சரிபார்க்க உதவுமா?

ஓரளவுக்கு. கீபோர்டில் மைக்கை அழுத்தி, மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்து, ஒரு வாக்கியம் பேசினால் போன் எழுதிக்காட்டும். "ஃபேன்" என்பது "பேன்" என்று விழுந்தால் பிள்ளைக்கே புரிந்துவிடும். ஆனால் இந்தக் கருவி சொல்லை மட்டும் கேட்பதில்லை, அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. "ஐ கோ டு இஸ்கூல்" என்று சொன்னாலும் சரியாக எழுதிவிடும். ஆகவே முழு வாக்கியத்தில் சரியாக வந்துவிட்டது என்பதற்காக உச்சரிப்பு சரி என்று முடிவுகட்டக் கூடாது. உச்சரிப்பைப் பார்க்க வேண்டும் என்றால் "ஷிப் - சிப்", "ஃபைல் - பைல்", "ஜூ - சூ" போன்ற இணைகளைத் தனிச் சொல்லாகச் சொல்லவையுங்கள். இன்னொரு பக்கம், நம் பெயர்களும் ஊர்களும் அதற்குச் சரியாக வராது. தன் பெயர் தப்பாக விழுந்ததைப் பார்த்து, தன் உச்சரிப்பு மோசம் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழுதுவதற்குக் கணினி அறையை எப்படிப் பயன்படுத்தலாம்?

ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் சொல்ல, மற்றவர் தட்டச்சு செய்ய வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். அப்படி வைத்தால் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாக்கியமும் வாயால் ஒருமுறை சொல்லப்படுகிறது.

இணையம் நன்றாக இருந்தால் கூகுள் டாக்ஸ். 40 பேரையும் ஒரே கோப்பில் விட்டால் யாராவது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழையதை மீட்கலாம் என்றாலும், அதற்குள் பாடவேளை போய்விடும். ஜோடிக்கு ஒரு கோப்பு கொடுங்கள். கோப்பின் இணைப்பில் கடைசியில் வரும் "எடிட்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் "காபி" என்று மாற்றி அனுப்பினால், திறப்பவருக்குத் தனிப் பிரதி எடுக்கும் பொத்தான் வரும்; கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்தால் போதும். யார் எப்போது என்ன எழுதினார்கள் என்பதும் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். ஒரே நொடியில் 150 சொல் விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ ஒட்டியது.

இணையம் இல்லையா? லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாற்றங்கள் பதிவாகத் தொடங்கும். ஒரு ஜோடி எழுதியதில் அடுத்த ஜோடி செய்த மாற்றம் வேறு நிறத்தில் தெரியும், ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் விருப்பம்.

தட்டச்சு வேகம்தான் பெரிய தடை. ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் எழுத்தைத் தேடுகிற பிள்ளைக்கு வாக்கியம் மறந்துபோகும். முதல் சில வாரம் ஐந்து வரிக்கு மேல் கேட்காதீர்கள்.

ஆட்டோகரெக்ட், சாட்ஜிபிடி எல்லாம் இருக்கும்போது பிள்ளை எழுதியதா, மெஷின் எழுதியதா என்று எப்படித் தெரியும்?

முதல் பிரதிக்கு ஆட்டோகரெக்டையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள். போனின் கீபோர்டு செட்டிங்ஸில் டெக்ஸ்ட் கரெக்ஷன் பகுதியில் இரண்டும் இருக்கும். இரண்டாவது பிரதிக்குத் திரும்பப் போடலாம். அப்போது சிவப்புக் கோடு விழும் சொற்களைப் பிள்ளை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளட்டும்.

சாட்ஜிபிடிக்குத் தனிக் கணக்கு தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வரை பெற்றோர் அனுமதியும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. 8 ஆம் வகுப்பில் பலருக்கு அந்த வயதே ஆகியிருக்காது. வகுப்பில் ஆசிரியரின் கணினியிலிருந்து எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவதே நல்லது, அதுவும் திருத்தச் சொல்லி அல்ல. "இந்தப் பத்தியைத் திருத்தாதே, இதைப் படித்ததும் உனக்கு எழும் மூன்று கேள்விகளை எளிய ஆங்கிலத்தில் கேள்" என்று கட்டளை கொடுங்கள். கேள்வி திரையில் வந்ததும் பதிலைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும், எழுதவும் வேண்டும். திருத்தச் சொன்னால் மெஷினுக்குத்தான் பயிற்சி. கேள்வி கேட்கச் சொன்னால் பிள்ளைக்கு.

சந்தேகம் வந்தால் விசாரணை நடத்தாதீர்கள். எழுதியதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு ஒரு நிமிடம் பேசவையுங்கள். சொந்தமாக எழுதியவர் திக்கித் திணறியாவது பேசிவிடுவார். எழுத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிமிடப் பேச்சு உண்டு என்பது வழக்கமாகிவிட்டால், ஒட்டி வைப்பதும் குறைந்துவிடும்.

நடுவில் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். தடை போடலாமா?

வேண்டாம். திட்டமிடும்போது தமிழ் இருக்கட்டும். பதிவு பொத்தானை அழுத்தியபின் ஆங்கிலம். பதிவின் நடுவில் சொல் வராமல் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பேசி முடித்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களின் பட்டியல்தான் அடுத்த வாரச் சொற்பாடம். பாடநூலின் பின்பக்கத்துப் பட்டியலை விட இது அந்த வகுப்புக்குத் தேவையானது.

கஹூட் போன்ற வினாடிவினா செயலிகள்?

உற்சாகம் தரும். ஆனால் நான்கில் ஒன்றைத் தொடுவதால் ஒரு சொல்லும் பிறப்பதில்லை. விடை தெரிந்தபின் 30 விநாடி நிறுத்தி, மற்ற மூன்று ஏன் தவறு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவைத்தால் பயன் உண்டு.

எந்தச் செயலியை நம்பி இறங்கலாம்?

எந்த ஒன்றையும் நம்பி இறங்காதீர்கள். மாணவர்கள் பேசி வீடியோ போடுவதற்கென்றே உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திவந்த ஃபிளிப், தனிச் சேவையாக 2024 இல் நிறுத்தப்பட்டது. கூகுளின் இணைய வெள்ளைப்பலகையான ஜாம்போர்டும் அந்த ஆண்டு முடிவோடு மூடப்பட்டது. பாடங்களை அவற்றில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பானது. போனில் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டர், கேமரா, கீபோர்டு, இவற்றோடு தாளும் பேனாவும் என்று பயிற்சியை அமைத்தால் எதை மூடினாலும் வகுப்பு நிற்காது. பதிவுகளை மாதம் ஒருமுறை பென் டிரைவில் வகுப்பு, வரிசை எண் வாரியாக எடுத்து வையுங்கள்.

பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்ய அனுமதி வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, எதற்காகப் பதிவு, எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று தமிழில் நான்கு வரி எழுதிப் பெற்றோர் கையொப்பம் வாங்குங்கள். ஆண்டு முடிந்ததும் சொன்னபடி அழியுங்கள். நன்றாகப் பேசிய பிள்ளையின் வீடியோவைப் பெருமையாக யூடியூபிலும் ஸ்டேட்டஸிலும் போடும் வழக்கம் பெருகியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அடுத்தவர் கேலிக்கு அஞ்சும் பிள்ளை அதைப் பார்த்தபின் வாயே திறக்காது.

எதைச் செய்தாலும் பேசாத பிள்ளை?

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று உங்கள் வகுப்பையே ஒருநாள் பதிவு செய்து கேளுங்கள். மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு விநாடி அளவுக்குத்தான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இரண்டாம் மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு மூன்று விநாடியும் குறைவுதான்.

தனிப்பதிவு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் நீண்ட காத்திருப்பு நேரம். முதலில் ஒரு வாக்கியம், அதுவும் நண்பர் ஒருவர் மட்டும் கேட்கட்டும். பிறகு இருவர் சேர்ந்து பேசும் பதிவு. வகுப்பில் போட்டுக்காட்டும் முன் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டே போடுங்கள். சில பிள்ளைகளுக்கு இது ஒரு பருவம் முழுக்க ஆகும். அதுவரை மதிப்பெண்ணைக் கொண்டு மிரட்ட வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே? பேச்சுக்கு இவ்வளவு நேரம் எதற்கு?

அந்த வினாத்தாளிலேயே படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்வி இருக்கிறது. படத்தை வைத்து ஒரு நிமிடம் பேசி, பதிவைக் கேட்டு, அதையே ஐந்து வாக்கியமாக எழுதுவதைப் பழகிய பிள்ளைக்குத் தேர்வில் எந்தப் படம் வந்தாலும் எழுத வரும். டெப்போ மேலாளருக்கான குரல் செய்தியை மறுநாள் கடிதமாக எழுதவைத்தால் கடிதப் பயிற்சியும் முடிந்தது. கீழ் வகுப்புகளில் இதையே வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகக் கணக்கில் கொள்ளலாம்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

ஜூனில் ஒரு படத்தைக் கொடுத்து ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். செப்டம்பரிலும் ஜனவரியிலும் அதே அளவு விவரம் உள்ள வேறு படம். 40 பேரையும் அலச வேண்டாம். நன்றாகப் பேசும் இருவர், நடுத்தரமானவர் இருவர், தயங்குபவர் இருவர் என்று ஆறு பேரின் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். ஒரு நிமிடத்தில் பொருளுள்ள சொல் எத்தனை, ஐந்து விநாடிக்கு மேல் மௌனம் எத்தனை முறை, நடுவில் வந்த தமிழ்ச் சொல் எத்தனை, தன்னைத்தானே திருத்திக்கொண்டது எத்தனை முறை என்று எண்ணுங்கள். ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் அதை ஒன்றாகவே கொள்ளுங்கள்.

தன்னைத் திருத்திக்கொள்ளும் இடங்கள் கூடும்போது பேச்சு தடுமாறுவதுபோல் தோன்றும், சொல் எண்ணிக்கையும் சற்றுக் குறையலாம். அது பின்னடைவு அல்ல. "ஹீ கோ... ஹீ வென்ட்" என்று நின்று மாற்றிச் சொல்லும் பிள்ளையின் காது விழித்துக்கொண்டிருக்கிறது. ஜூன் பதிவையும் ஜனவரிப் பதிவையும் அடுத்தடுத்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக்காட்டுங்கள்.